ஆஃப்-ரோடு வண்டியின் பின் அச்சை டிரம்மிலிருந்து டிஸ்க் பிரேக்குக்கு மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

ஆற்றைக் கடந்து கரையேறியவுடன் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்காமல் நழுவிக்கொண்டே போவதும், இரண்டு மூன்று முறை மிதித்த பிறகே பிடிப்பு திரும்புவதும் பின்புறம் டிரம் பிரேக் வைத்த வண்டியைக் காட்டுப்பாதையில் ஓட்டுபவர்கள் அனைவருக்கும் பழகிப்போன ஒன்று. டிரம்முக்குள் புகுந்த நீரும் சேறும் எளிதில் வெளியேறுவதில்லை. டிரம்முக்குள் விரிந்து உரசும் ஷூக்களின்மேல் ஒட்டிய லைனிங் நனைந்ததும் உராய்வை இழக்கிறது. சேறு உலர்ந்து பொடியானதும் லைனிங்கையும் டிரம்மின் உட்சுவரையும் சேர்த்தே அரைக்கிறது. ஷூவின் இடைவெளியைத் தானாகக் குறைக்கும் பல்சக்கரம் துருப்பிடித்து நின்றுவிட்டால், பெடல் நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் நீரை வீசியெறிகிறது. டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பேட் உரசத் தொடங்கிய சில நொடிகளிலேயே டிஸ்க்கின் பரப்பு துடைக்கப்பட்டுவிடுகிறது. நீண்ட இறக்கங்களில் சேரும் வெப்பமும் விரைவாகக் காற்றில் கலந்துவிடுகிறது.

இந்த நன்மைகளுக்காக மாற்றத்தில் இறங்குபவர்கள் பலரும் சக்கரத்தருகே நடக்கும் வேலையையே முழு வேலை என்று எண்ணிவிடுகிறார்கள். பேடுகளை அழுத்தும் காலிப்பரையும் ரோட்டரையும் (டிஸ்க்கின் மற்றொரு பெயர்) பொருத்துவது பாதி வேலைதான். பெடலின் விசையைப் பிரேக் எண்ணெயின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், பின்புற அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, ஹேண்ட் பிரேக் ஆகிய மூன்றையும் புதிய அமைப்புக்கு ஏற்பச் சரிசெய்யாமல் விட்டால், பழைய டிரம் இருந்தபோது இருந்ததைவிட ஆபத்தான வண்டிதான் கையில் மிஞ்சும். ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய முடிவுகளுக்கு இந்த வழிகாட்டி அதிக இடம் ஒதுக்குகிறது. பிரேக் அமைப்பை மாற்றுவதற்குப் பல நாடுகளில் ஆய்வும் ஒப்புதலும் தேவை என்பதால், பாகங்களை வாங்கும் முன்பே அந்த விதிகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அச்சு எந்த வகையைச் சேர்ந்தது?

முழு வேலையின் போக்கையும் முடிவுசெய்வது பின் அச்சின் வகைதான். சக்கரத்தின்மேல் விழும் வண்டியின் எடையை, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்டே தாங்குமானால் அது செமி-ஃப்ளோட்டிங் அச்சு. எடையை அச்சின் வெளிக்கூடான ஹவுசிங்கின் முனையில் உள்ள ஹப்பும் பேரிங்குகளும் தாங்கி, ஷாஃப்ட் சுழற்றும் வேலையை மட்டும் செய்யுமானால் அது ஃபுல்-ஃப்ளோட்டிங் அச்சு. செமி-ஃப்ளோட்டிங் அச்சிலும் இரு பிரிவுகள் உண்டு. ஒன்றில் ஷாஃப்டைப் பிடித்துவைத்திருப்பது வெளிமுனையில் பேரிங்கின்மேல் அழுத்தி நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட ரிடெய்னர் தகடு. மற்றொன்றில், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரன்ஷியலுக்குள் ஷாஃப்டின் உள்முனையில் செருகப்பட்ட சி-கிளிப்.

ரிடெய்னர் தகடு உள்ள அச்சில் பலர் கவனிக்கத் தவறும் நுணுக்கம் ஒன்று உண்டு. டிரம்மின் ஷூக்களைத் தாங்கும் பேக் பிளேட், ஹவுசிங்கின் முனைத் தட்டான ஃபிளேஞ்சுக்கும் ரிடெய்னருக்கும் நடுவே அமர்ந்திருக்கும். பேரிங் ஹவுசிங்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு அந்தப் பேக் பிளேட்டின் தடிப்பைக் கணக்கில் கொண்டே அமைக்கப்பட்டது. பேக் பிளேட்டை எடுத்துவிட்டு அதைவிடத் தடித்த காலிப்பர் பிராக்கெட்டை அங்கே வைத்தால், ரிடெய்னர் பேரிங்கை எட்டாது. ஷாஃப்ட் உள்ளும் வெளியுமாக ஆடும். மெல்லிய பிராக்கெட் வைத்தால் ரிடெய்னர் பேரிங்கின்மேல் முட்டி வளையுமே தவிர பிராக்கெட்டை இறுக்கிப் பிடிக்காது. எனவே பழைய பேக் பிளேட்டின் தடிப்பை வெர்னியர் காலிப்பரால் அளந்து, பிராக்கெட்டின் தடிப்போடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அதை ஈடுசெய்யும் ஸ்பேசர் கிட்டிலேயே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சி-கிளிப் அச்சில் வேறு வகைச் சிக்கல் வரும். அதன் ஷாஃப்டுக்கு இயல்பாகவே சிறிது உள்-வெளி ஆட்டம் உண்டு. டிரம்மில் அதனால் பாதிப்பில்லை. ரோட்டர் ஷாஃப்டோடு சேர்ந்து நகரும்போதோ அது பேடையும் பிஸ்டனையும் பின்னுக்குத் தள்ளுகிறது. அடுத்த முறை மிதிக்கையில் பெடலின் முதல் பகுதி வீணாகிறது. இத்தகைய அச்சுக்கு, வழிகாட்டித் தண்டுகளான பின்களின்மேல் நகரும் ஃப்ளோட்டிங் காலிப்பரே ஏற்றது. இருபுறமும் பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பரைப் பொருத்தினால் திருப்பங்களுக்குப் பிறகு பெடல் தாழ்வதைப் பார்க்க நேரிடும்.

ரோட்டரும் காலிப்பரும்

கிட்டாக வாங்கலாம், அல்லது தொழிற்சாலையிலேயே பின்புற டிஸ்க்குடன் வந்த வேறொரு வண்டியின் பாகங்களைக் கொண்டுவரலாம். 1995 முதல் பின்புற டிஸ்க்குடன் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல அச்சை முழுமையாகவே ஜீப்புகளுக்குக் கீழே மாற்றிப் பொருத்துபவர்கள் பலர் இருப்பது இதனால்தான். அச்சையே மாற்றுகிற அந்த வழியில் வெல்டிங் வேலை அதிகம். ஆனால் ரோட்டர், காலிப்பர், ஹேண்ட் பிரேக் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஏற்கெனவே வடிவமைக்கப்பட்டிருக்கும்.

ரோட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது போல்ட் துளைகளின் வட்டம் பொருந்தினால் மட்டும் போதாது. நடுத்துளை ஆக்சில் ஃபிளேஞ்சின் மேடான வளையத்தில் தளர்வின்றி அமர வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டர் மையம் விலகிச் சுழலும். ரோட்டரின் முகப்புத் தடிப்பு பழைய டிரம்மின் முகப்பைவிட அதிகமாக இருந்தால், வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு சக்கரம் வெளியே தள்ளப்படும், சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டட்டில் நட்டுக்குக் கிடைக்கும் மரையும் அவ்வளவு குறையும். நட் ஏறும் மரையின் நீளம் குறைந்தது ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 1.5 மி.மீ. பிட்ச் உள்ள 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டைக் கையால் திருகிச் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள்; எட்டு முழுச் சுற்றுக்குக் குறைந்தால் நீளமான ஸ்டட் அடிக்க வேண்டியிருக்கும். சக்கர ரிம்முக்குள் காலிப்பர் இடிக்காமல் சுழலுமா என்பதையும், ரிம்மின் உட்புறத்தில் ஒட்டப்படும் பேலன்ஸ் எடைகளையும் சேர்த்துப் பாருங்கள். 15 அங்குல ரிம்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் மிகக் குறைவு.

காலிப்பரைப் பொறுத்தவரை பெரியது நல்லது என்ற எண்ணம் இங்கே தீங்கானது. பேட் ரோட்டரை அழுத்தும் விசை பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 48 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 1,810 சதுர மி.மீ.; 54 மி.மீ. பிஸ்டனுக்கு அது சுமார் 2,290. விட்டத்தில் 6 மி.மீ. கூடியதற்கே விசை கால் பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. முன் சக்கரத்துக்கென்று செய்யப்பட்ட பெரிய காலிப்பரை எளிதில் கிடைக்கிறது என்பதற்காகப் பின்னால் மாட்டும் கிட்டுகள் இருக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. பின்புறப் பிஸ்டனின் பரப்பு முன்புறத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். அதன் காரணம் பின்னால், அழுத்தப் பங்கீட்டைப் பற்றிய பகுதியில் விளங்கும்.

ஹேண்ட் பிரேக்கை முதலிலேயே முடிவுசெய்யுங்கள்

டிரம்மைக் கழற்றும்போது கேபிளால் இயங்கும் ஹேண்ட் பிரேக்கும் அதோடு போய்விடுகிறது. சரிவில் நிறுத்திவிட்டு இறங்கி விஞ்சு (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) கயிறு இழுக்கவேண்டிய வண்டிக்கு ஹேண்ட் பிரேக் இல்லாமல் இருப்பது ஏற்கத்தக்கதே அல்ல. மாற்று வழிகள் மூன்று உண்டு.

முதலாவது, ரோட்டரின் நடுத் தொப்பிக்குள்ளேயே சிறிய டிரம்மும் ஷூவும் அமைந்த வகை. எக்ஸ்ப்ளோரர் அச்சில் இருப்பது இதுதான். இயக்க பிரேக்கும் நிறுத்த பிரேக்கும் தனித்தனியாக இருப்பதால் ஒன்றின் கோளாறு மற்றொன்றைத் தொடாது. கிடைக்குமானால் இதையே தேர்ந்தெடுங்கள். சேறு இதற்குள்ளும் புகும் என்றாலும், ஓடும்போது இந்த ஷூக்கள் உரசுவதில்லை என்பதால் தேய்மானம் மிகக் குறைவு.

இரண்டாவது, காலிப்பருக்குள்ளேயே ஒரு நெம்புகோல் திருகை இயக்கிப் பிஸ்டனைத் தள்ளும் வகை. பாகங்கள் குறைவு, பராமரிப்பில் கவனம் அதிகம். இதன் பிஸ்டனை உள்ளே தள்ள முடியாது. உரிய கருவியால் திருகித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். பேட் தேயத் தேயப் பிஸ்டனின் தானியங்கிச் சரிசெய்தல் நடைபெற ஹேண்ட் பிரேக்கை அடிக்கடி பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தாமல் விட்டால் பிஸ்டன் பின்தங்கி, கால் பெடலே தாழ்ந்துவிடும். அதைக் காற்றுப் புகுந்த கோளாறு என்று எண்ணி வீணாக ஏர் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மூன்றாவது, இன்ஜினின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புற வெளியீட்டில் அமையும் பிரேக். பழைய வில்லிஸ் ஜீப்பிலும் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் இந்த முறையே இருந்தது. பின் அச்சின் பல்விகிதம் பிரேக்கின் விசையைப் பெருக்கித் தருவதால் இது வலிமையானது. ஆனால் திறந்த டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினால், அது எதிர்ப்புறம் சுழன்றுகொள்ள இடம் கிடைத்து, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருண்டுவிடும். ஷாஃப்ட் உடைந்தாலும் இதே கதிதான். இந்த வகையை வைத்திருப்பவர்கள் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது.

பிரேக் லைனில் அழுத்தத்தைப் பூட்டிவைக்கும் லைன் லாக் வால்வை ஹேண்ட் பிரேக்குக்கு மாற்றாகக் கருதாதீர்கள். எண்ணெய் குளிர்ந்தாலோ ஒரு சீல் சற்றே கசிந்தாலோ அழுத்தம் இறங்கிவிடும்.

மாஸ்டர் சிலிண்டரின் கணக்கு

டிரம் பிரேக்கில் சுழலும் டிரம்மே முன் ஷூவைத் தன்னோடு இழுத்து அழுத்திக்கொள்ளும். குறைந்த எண்ணெய் அழுத்தத்திலும் அதற்கு வலிமை கிடைப்பது இதனால்தான். டிஸ்க்குக்கு இந்த உதவி கிடையாது. அதே நிறுத்தும் வலிமைக்கு அதிக அழுத்தமும் பெரிய பிஸ்டனும் தேவை. பெரிய பிஸ்டன் நகர அதிக எண்ணெயும் தேவை.

மாஸ்டர் சிலிண்டரின் துளை விட்டம் இவ்விரண்டையும் எதிரெதிர்த் திசைகளில் மாற்றுகிறது. 22.2 மி.மீ. துளையிலிருந்து 25.4 மி.மீ. துளைக்கு மாறினால், அதே பெடல் நகர்வில் சுமார் 30 சதவீதம் கூடுதல் எண்ணெய் போகும். ஆனால் அதே கால் விசைக்குக் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய 77 சதவீதமாகக் குறையும். பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருந்து, வண்டி நிற்பதற்கு மட்டும் பலமாக மிதிக்க வேண்டியிருந்தால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். காற்று முழுதும் வெளியேறிய பிறகும் பெடல் தரையை நெருங்கினால் துளை சிறிது. கால் விசையைப் பெருக்கும் வெற்றிட பூஸ்டர் இல்லாத பழைய வண்டியில் பெரிய துளைக்குத் தாவுவதற்கு முன் பூஸ்டர் பொருத்துவதைப் பற்றி யோசியுங்கள். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க்குடன் அதே எடையில் வந்த வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையும் பூஸ்டரையும் இணையாக எடுப்பது பெரும்பாலும் பாதுகாப்பான வழி.

எண்ணெய்த் தொட்டியின் அளவைக் கணக்கிடுபவர்கள் குறைவு. ஃப்ளோட்டிங் காலிப்பரில் உள் பேடின் தேய்மானம், வெளி பேடின் தேய்மானம் இரண்டையும் ஒரே பிஸ்டன்தான் வெளியே வந்து ஈடுசெய்ய வேண்டும். இரு பேடும் தலா 8 மி.மீ. தேய்ந்தால் 48 மி.மீ. பிஸ்டன் 16 மி.மீ. வெளியே வரும்; அந்த இடத்தை நிரப்ப ஒரு சக்கரத்துக்குச் சுமார் 29 மி.லி., இரு சக்கரத்துக்கு 58 மி.லி. எண்ணெய் தொட்டியிலிருந்து இறங்கும். டிரம்முக்கென்று செய்த தொட்டியின் பின் அறை சில வண்டிகளில் இதற்குப் போதாத அளவு சிறியது. அதனால் மாஸ்டர் சிலிண்டரை மாற்றாதவர்களும் தொட்டியின் அளவைப் பார்த்தே ஆக வேண்டும்.

டிரம் பிரேக்குள்ள லைன்களில் சுமார் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார் அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் ரெசிடுவல் வால்வு இருக்கக்கூடும்; அது பல மாஸ்டர் சிலிண்டர்களின் வெளியேறும் துளைக்குள்ளேயே மறைந்திருக்கும். அதை அகற்றாமல் டிஸ்க்கை இணைத்தால் பேடுகள் விடாமல் உரசிக்கொண்டே இருந்து ரோட்டர் கொதிக்கும். மாஸ்டர் சிலிண்டர் தரைப்பலகைக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் மட்டும், எண்ணெய் திரும்பி வடிந்துவிடாமலிருக்க 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்று தேவைப்படும்.

மாஸ்டர் சிலிண்டரை மாற்றும்போது பூஸ்டரின் தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். தண்டு நீளமாகி எப்போதும் பிஸ்டனை அழுத்தியிருந்தால், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் துளை மூடிக்கொள்ளும். சூடாகி விரியும் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாமல், ஓட ஓட பிரேக் தானாகவே இறுகும்.

கழற்றும் வேலை

சமதளத்தில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அச்சை உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்: பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

லைனைக் கழற்றி முனைக்கு மூடி போட்ட பிறகு ஷாஃப்டை வெளியே எடுக்க வேண்டும். ரிடெய்னர் வகையில், ஃபிளேஞ்சில் உள்ள துளை வழியே சாக்கெட்டைச் செலுத்தி நான்கு நட்டுகளையும் கழற்றி, ஸ்லைடு ஹாமரால் இழுத்தால் ஷாஃப்ட் பேரிங்கோடு வந்துவிடும். சி-கிளிப் வகையில் கியர் ஆயிலை வடித்து, டிஃபரன்ஷியல் மூடியைத் திறந்து, குறுக்குப் பின்னின் பூட்டு போல்ட்டை எடுத்து, பின்னை உருவி, ஷாஃப்டை உள்நோக்கித் தள்ளினால் கிளிப் விழும். குறுக்குப் பின் வெளியே இருக்கும்போது சக்கரத்தையோ புரொப்பெல்லர் ஷாஃப்டையோ சுற்றினால் உள்ளிருக்கும் சிறு பல்சக்கரங்கள் இடம்பெயர்ந்துவிடும். ஃபுல்-ஃப்ளோட்டிங் அச்சில் ஷாஃப்டை உருவி, ஹப் நட்டைக் கழற்றி, ஹப்பையே இறக்க வேண்டும். மீண்டும் மாட்டும்போது பேரிங்கின் இறுக்கத்தை வண்டியின் கையேடு சொல்லும் முறையில் அமைக்க வேண்டும்.

ஷாஃப்ட் வெளியே இருக்கும் இந்த நேரத்திலேயே ஆயில் சீலைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பழைய சீல் கசிந்து கியர் ஆயில் பேடில் பட்டால், புதிய பேடைத் தூக்கியெறிவதைத் தவிர வேறு வழியில்லை.

பிராக்கெட்டும் ரோட்டரும் நேராக அமைதல்

ஹவுசிங் ஃபிளேஞ்சைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வெற்று உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். துருவின் மெல்லிய ஏடு ஒன்று நடுவில் சிக்கினாலும் பிராக்கெட் சாய்ந்துவிடும். பிராக்கெட்டைப் பொருத்தும் திசையைத் தேர்ந்தெடுக்கும்போது ஷாக் அப்சார்பர், யு-போல்ட் தகடு, ஸ்பிரிங் ஆகியவற்றிலிருந்து விலகி, பாறையில் இடிபடாத உயரத்தில், இயன்றவரை அச்சுக்குப் பின்புறமாகக் காலிப்பர் அமையட்டும். காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும் என்பது மாற்றமில்லாத விதி. இடப்பக்கக் காலிப்பரும் வலப்பக்கக் காலிப்பரும் மாறிப்போனால் நிப்பிள் அடியில் வந்துவிடும். அப்போது எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மேலே தங்கிய காற்று அப்படியே இருக்கும்.

ஷாஃப்டை மாட்டி, ஃபிளேஞ்ச் முகத்தையும் துரு இன்றித் துடைத்து, ரோட்டரைப் பிரேக் கிளீனரால் கழுவி, வாஷர் வைத்த வீல் நட்டுகளால் சரியான இறுக்கத்தில் பிடியுங்கள். டயல் கேஜின் முனையை ரோட்டரின் வெளிவிளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே வைத்து, ஷாஃப்டை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டு மெல்லச் சுற்றுங்கள். ஊசியின் மொத்த ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேலானால் ரோட்டரை அடுத்த ஸ்டட் துளைக்குத் திருப்பி மீண்டும் அளந்து பாருங்கள்; ஃபிளேஞ்சின் பிழையும் ரோட்டரின் பிழையும் ஒரு நிலையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளக்கூடும். எந்த நிலையிலும் குறையாவிட்டால் ஷாஃப்டின் ஃபிளேஞ்சே வளைந்திருக்கலாம். பாறைகளில் ஓடிய வண்டிகளில் இது அரிதன்று.

அடுத்து, பேடு இல்லாமல் காலிப்பரைப் பிராக்கெட்டில் மாட்டி, ரோட்டர் அதன் இடைவெளியின் நடுவே ஓடுகிறதா என்று மேலும் கீழும் ஃபீலர் கேஜால் பாருங்கள். நடுவில் இல்லையென்றால் ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து நகர்த்துங்கள். மேலும் கீழும் அளவு வேறுபட்டால் பிராக்கெட் சாய்ந்திருக்கிறது. அப்படியே விட்டால் பேட் ஒருபக்கமாகத் தேய்ந்து ஆப்பு வடிவம் பெறும். பேடுகளை மாட்டிய பிறகு காலிப்பர் தன் பின்களின்மேல் கைவிசைக்கே வழுக்கிச் செல்ல வேண்டும். பின்களுக்கு உயர்வெப்ப சிலிக்கோன் கிரீஸ் மட்டும் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறைகளை உப்பச்செய்து பின்னையே பூட்டிவிடும். பிராக்கெட் போல்ட்டுகள் 10.9 தரத்தில், மரைப் பசையோடு, டார்க் ரென்ச்சால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ரோட்டருக்குப் பின்னால் வரும் தகரக் கவசத்தை வைப்பதா நீக்குவதா என்பதில் இருவேறு கருத்துகள் உண்டு. சேறும் சரளையும் மிகுந்த பாதையில் கவசத்துக்கும் ரோட்டருக்கும் நடுவே கல் சிக்கிக் கோடு கிழிப்பதால், நீக்குவதையே நான் ஏற்கிறேன். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு அது இருப்பது நல்லது.

பைப்பும் ஹோஸும்

ஃப்ளோட்டிங் காலிப்பர் நகர்வதால், அச்சின்மேல் ஓடும் பைப்பை நேரடியாக அதில் இணைக்கக் கூடாது. பைப்பின் முனையைச் சிறு தாங்கியால் அச்சில் பூட்டி, அங்கிருந்து குறுகிய ஹோஸ் வழியே காலிப்பருக்குப் போக வேண்டும். பைப்புக்கு எஃகோ குப்ரோ-நிக்கலோ பயன்படுத்துங்கள். தூய செம்புக் குழாய் அதிர்வில் வெடித்துவிடும். இரட்டை ஃபிளேர் முனையும் குமிழ் ஃபிளேர் முனையும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றின் இருக்கையில் மற்றொன்று அடைத்துக்கொள்ளாது. ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் இருபுறச் செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

சேஸிஸிலிருந்து அச்சுக்கு வரும் ஹோஸின் நீளத்தை வண்டி தரையில் நிற்கும்போது முடிவுசெய்யாதீர்கள். சேஸிஸைத் தூக்கி அச்சை முழுமையாகத் தொங்கவிட்டு, ஹோஸ் விறைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் மேலேறி மறுபக்கம் தொங்கும் நிலையில் டயரோ ஸ்பிரிங்கோ அதை உரசுகிறதா என்று பாருங்கள். சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டிகளில் பழைய ஹோஸ் போதாது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணெயும் ஏர் எடுத்தலும்

டாட் 4 எண்ணெயின் கொதிநிலை புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு 155. டாட் 3-க்கு இவை 205, 140. நீரில் இறங்கும் வண்டிக்கு டாட் 4 போட்டு, ஆண்டுக்கொருமுறை மாற்றுவது தகும். டாட் 5 என்பது சிலிக்கோன் எண்ணெய். அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில் எதுவும் பிரேக் பாகங்களைத் தொடவே கூடாது. எல்லா ரப்பர் சீல்களும் கெட்டுவிடும்.

புதிய மாஸ்டர் சிலிண்டரை மேசைமேல் வைஸில் பிடித்தே காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள். காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் உள்ள வகையில், நெம்புகோலைப் பலமுறை இயக்கிப் பேடுகள் ரோட்டரைத் தொடும்வரை பிஸ்டனை வெளியே கொண்டுவந்த பின்பே ஏர் எடுக்கத் தொடங்குங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி அருகில் உள்ளதற்கு வருவது பொது வழக்கு. உங்கள் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

முன்னும் பின்னும் அழுத்தம் பங்கிடுதல்

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்ந்து பின் சக்கரங்கள் இலேசாகின்றன. உயர்த்தப்பட்ட, குட்டையான வண்டியில் இது அதிகம். செங்குத்தான இறக்கத்தில் இன்னும் அதிகம். முன் சக்கரம் முதலில் பூட்டினால் (சுழலாமல் நின்றுவிட்டால்) ஸ்டீயரிங் வேலைசெய்யாது, ஆனாலும் வண்டி நேராகவே வழுக்கும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் பின்பகுதி பக்கவாட்டில் வீசி வண்டி சுழன்றுவிடும். சரிவில் அது வண்டியைக் குறுக்கே நிறுத்தி உருட்டிவிடும். முன் சக்கரங்களே எப்போதும் முதலில் பூட்ட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை.

இதற்காகப் பின்புற லைனில் திருகி அமைக்கும் புரப்போர்ஷனிங் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். ஒரு குறிப்பிட்ட அழுத்தம்வரை அது எண்ணெயை முழுதாகவே விடும். அதற்கு மேல் பின்புற அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைக்கும். அது குறைக்க மட்டுமே வல்லது, கூட்டாது. பழைய கூட்டு வால்வுக்குள் இதே வேலையைச் செய்யும் பகுதி ஏற்கெனவே இருந்தால் இரண்டும் தொடராக நின்று பின் பிரேக்கை முடக்கிவிடும். ஒன்றை நீக்க வேண்டும். அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தண்டு வைத்துச் சுமையை உணரும் வால்வு உள்ள வண்டிகளில், சஸ்பென்ஷனை உயர்த்தியதும் அது வண்டி காலியாக இருப்பதாகக் கொண்டு பின் அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைக்கும். தண்டின் தாங்கியை உயர்வுக்கு ஏற்ப நகர்த்த வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் வேகத்தை உணரும் பல்வளையமும் சென்சாரும் புதிய அமைப்பிலும் அப்படியே தொடர வேண்டும். அவற்றைத் தக்கவைக்க வழியில்லாத கிட்டை அத்தகைய வண்டிக்கு வாங்காதீர்கள்.

சோதனைக்கு முன் பேடுகளைப் பதப்படுத்துங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ.க்கு, மிதமான விசையில், முழுதும் நிறுத்தாமல் எட்டுப் பத்து முறை வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான நிலையில் பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் படிவு ரோட்டரில் ஓரிடத்தில் ஒட்டி, பிறகு அதிர்வாக வெளிப்படும்.

பின்பு ஆள் நடமாட்டமில்லாத, சமமான சரளை மண் பரப்பைத் தேர்ந்தெடுங்கள். வண்டி டூ வீல் டிரைவில் இருக்கட்டும், டிஃபரன்ஷியல் லாக்குகள் விடுவிக்கப்பட்டிருக்கட்டும். ஃபோர் வீல் டிரைவில் முன் அச்சும் பின் அச்சும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியே பிணைந்திருப்பதால், எது முதலில் பூட்டுகிறது என்பது வெளியே தெரியாது. வால்வைப் பின்புற அழுத்தம் மிகக் குறைந்த நிலையில் வைத்து, 30 கி.மீ. வேகத்தில் உறுதியாக மிதித்து நிறுத்திவிட்டு, இறங்கித் தடத்தைப் பாருங்கள். உருண்டு வந்த சக்கரம் டயர் பட்டன்களைத் தெளிவாகப் பதித்திருக்கும். பூட்டிய சக்கரம் அவற்றை அழித்து, சரளையை இருபுறமும் ஒதுக்கி, தன் முன்னே சிறு மேடாகக் குவித்திருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தில் தெரிவது முன் சக்கரத்தின் தடம் மட்டுமே. பின் சக்கரத்துக்குப் பின்னால் தெரிவது பின் சக்கரத்தின் தடம். முன் தடம் மட்டும் அழிந்திருந்தால் வால்வை அரைச் சுற்று திறந்து மீண்டும் ஓட்டுங்கள். பின் தடமும் அழியத் தொடங்கும் இடத்தைக் கண்டதும் ஒரு சுற்று திரும்பி வந்து பூட்டு நட்டை இறுக்குங்கள். இந்த அமைப்பு வழக்கமாக ஏற்றும் சுமையோடு இருந்தால் ஒன்று, காலி வண்டியில் இன்னொன்று; காலி வண்டிக்கு அமைத்ததையே நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பின்பகுதி மிக எளிதில் வழுக்குவது அப்போதுதான்.

ஹேண்ட் பிரேக்கை இரு திசைச் சரிவிலும், முன்நோக்கியும் பின்நோக்கியும் நிறுத்திச் சோதியுங்கள். முதல் சில நூறு கி.மீ. ஓடியதும் சக்கரங்களைக் கழற்றி, வீல் நட்டுகளையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் டார்க் ரென்ச்சால் மீண்டும் பார்த்து, நான்கு பின் பேடுகளின் தடிப்பையும் தனித்தனியே அளந்து பாருங்கள். உள் பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் தன் பின்களின்மேல் நகரவில்லை; ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்க ஹேண்ட் பிரேக் கேபிளின் இறுக்கத்தையும் பிஸ்டன் திரும்பி வருவதையும் பாருங்கள். சேற்றில் ஓடிய ஒவ்வொரு முறையும் காலிப்பரையும் பின்களின் ரப்பர் உறைகளையும் நீரால் கழுவி, உறை கிழிந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். டிஸ்க் பிரேக்கைச் சேறு முடக்குவது பெரும்பாலும் அந்தக் கிழிசல் வழியேதான்.